லேபிளுக்கு அடியில்

தண்டாயுதபாணி துணை

பூண்டி,
10.7.2025

அன்புத் தம்பி பழனிக்குமாருக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் மச்சானுக்கு முழங்கால் வலி விடவில்லை. ஆனாலும் வெள்ளனே எழுந்து கேரட் காட்டுக்குப் போய்விடுகிறார். சொன்னால் கேட்கிற ஆளா?

இந்தச் சோலியைப் போனில் பேசக் கூடாது என்று நீ சொன்னதால், ஒட்டி முடித்த பெட்டிக்குள் கடிதத்தை வைத்து வேன்காரர் சேனாதிபதியிடம் கொடுத்தனுப்புகிறேன். மருந்துப் பாட்டிலோடு பாட்டிலாக அக்காவின் கடிதமும் மலை இறங்குகிறது.

நீ அனுப்பிய காய்ச்சல் மருந்து எல்லாவற்றுக்கும் நீ கொடுத்த புது லேபிளை ஒட்டிவிட்டேன். ஒட்ட ஒட்ட, மெஷின் படிக்கிற இந்தக் கோடு, கட்டங்களின் மேல் எனக்கு ஒரு பித்து. எதை எடுத்தாலும் திருப்பிப் பார்க்கிறேன். சோப்பிலும் பிஸ்கட்டிலும் நிற்கிற கோடுகள். அலாவுதீன் பாய் கடையில் பணம் அனுப்பக் கட்டம். கூரியர் உறையில் நீளக் கோடு. போன வருஷம் மச்சானை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கையில் கட்டிய பட்டையிலும் கோடு இருந்தது. அதற்கு மெஷினைக் காட்டிவிட்டுத்தான் நர்ஸ் ஊசியே போட்டாள். "மனுசனுக்கும் சோப்புக்கும் ஒரே கோடாடி?" என்று லாவண்யாவிடம் கேட்டேன். "சோப்புக் கோட்டுல என்ன சரக்குங்கிற நம்பர் மட்டுந்தாம்மா இருக்கும். கட்டத்துல நெறைய எழுதலாம், தேதி வரைக்கும்" என்றாள். மகளைக் கொடைக்கானலில் காலேஜுக்கு அனுப்பியது வீண்போகவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். பாட்டிலில் ஏற்கெனவே ஒரு லேபிள் இருக்கிறதே. அதில் தேதி இருக்கும் இடத்தை யாரோ சுரண்டியிருக்கிறார்கள். ஏன்?

வீட்டுப் பக்கம் வந்து எத்தனை மாசம் ஆச்சு? வா.

உன் அக்கா
சண்முகசுந்தரி

•

பழனி,
14.7.2025

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணக்கம்.

உன் கடிதம் பார்த்துச் சிரித்தேன். நீ படித்திருந்தால் என் மருந்து ஏஜென்சியையே நடத்தியிருப்பாய்.

கம்பெனி விலையை மாற்றிவிட்டது. அதனால்தான் பழைய லேபிளுக்கு மேல் புதுசு. சுரண்டல் ஒன்றுமில்லை, கோடவுனில் எலி. நீ அனுப்பிய முதல் சரக்கு கடைகளுக்குப் போய்விட்டது, ஒரு புகாரும் இல்லை. அடுத்த சரக்கு சேனாதிபதியோடு வருகிறது. லேபிளில் சுருக்கம் விழாமல் ஒட்டு. கட்டம் சுருங்கினால் மெஷின் படிக்காது.

ஒட்டும்போது கதவைச் சாத்திக்கொள். பனி உள்ளே வந்தால் பசை பிடிக்காது. லாவண்யாவுக்குப் படிப்பு இருக்கிறது, அவளை இதில் இழுக்காதே.

மச்சானுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

தம்பி
பழனிக்குமார்

•

பழனி,
28.7.2025

அக்கா,

என்ன காரியம் செய்து வைத்தாய்? மதுரைக் கடைக்காரன் இரண்டாவது சரக்கு முழுவதையும் திருப்பிவிட்டான். எல்லாப் பாட்டிலிலும், கட்டத்தின் மூன்று மூலையிலும் குங்குமம்! அவன் மெஷினின் வெளிச்சம் சிவப்பு. சிவப்பு மேல் சிவப்பு விழுந்தால் அதற்குக் கண் தெரியாது. "என்னண்ணே, மருந்துக்கு வளைகாப்பா?" என்று போனில் நக்கல் செய்கிறான்.

பெட்டிகள் உன்னிடமே வருகின்றன. ஈரத்துணியால் துடைத்து வை. இனி இவை கடைக்குப் போகாது. ஆடி கடைசியில் வெள்ளகவியில் இலவச மருத்துவ முகாம் நடத்துகிறோம், அங்கே கொடுத்துவிடலாம். ஒற்றையடிப் பாதையில் நடந்து போகிற ஊர். அங்கே மெஷின் வைத்துப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

புண்ணியக் காரியம். உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

பழனிக்குமார்

•

தண்டாயுதபாணி துணை

பூண்டி,
31.7.2025

தம்பிக்கு,

குங்குமம் வைத்தது நான்தான். அன்றைக்கு ஆடி முதல் வெள்ளி. அந்தக் கட்டத்தின் மூலைகளில் இருக்கிற குட்டிச் சதுரங்கள் பொட்டுக்கு இடம் விட்ட மாதிரியே இருந்தன. குடிக்கிற பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இறங்கட்டும் என்று வேண்டிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் வைத்தேன்.

நீ சொன்னபடி ஈரத்துணியால் துடைத்தேன். துணியோடு புது லேபிளும் கழன்று வந்தது. பழையதிலும் ஒரு கட்டம் இருக்கிறது, தம்பி. தேதியைச் சுரண்டியவனுக்கு அதைச் சுரண்டத் தோன்றவில்லை. லாவண்யா அதற்குப் போனைக் காட்டிப் படித்தாள். போன வருஷம் மாசியோடு அந்த மருந்தின் ஆயுள் முடிந்துவிட்டது. நீ கொடுத்த லேபிளோ அடுத்த வருஷம் ஐப்பசி வரைக்கும் குடிக்கலாம் என்கிறது. வேறு பாட்டில்களை உரித்தோம். எல்லாம் அப்படியே.

தேதியை மட்டும் பார்த்துப் பிறாண்டுகிற எலி பழனியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

வெள்ளகவிக்காரர்கள் ஊருக்குள் செருப்புப் போட மாட்டார்கள். ஊரே கோயில் என்று நடக்கிறவர்கள். அங்கே இதைச் சுமந்துகொண்டு நுழையப் பார்க்கிறாயா? உனக்குத் தெரியாமல் உன் ஆட்கள் செய்ததா? அப்படி என்றால் சொல்லிவிடு, நான் நம்புகிறேன். நம்பத்தான் ஆசைப்படுகிறேன்.

பெட்டிகளை அனுப்ப மாட்டேன்.

அக்கா

•

பழனி,
4.8.2025

அக்கா,

உனக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி? தேதி தாண்டினால் மருந்து விஷமாகிவிடாது. கொஞ்சம் வேகம் குறையும், அவ்வளவுதான். ஊர் உலகத்தில் நடக்காததா?

ஞாயிற்றுக்கிழமை முகாம். சனிக்கிழமை சேனாதிபதி வருவார். பெட்டிகளைக் கொடுத்துவிடு.

மனசு வரவில்லை என்றால், பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிற கட்டத்தையும் லாவண்யா போனில் ஒருமுறை பார். சித்திரையில் நான் கொண்டுவந்த தாள்களில் கையெழுத்துப் போட்டாயே, எதற்கு என்றுகூடக் கேட்காமல். அது எங்கே போய் நிற்கிறது என்று தெரியும்.

மச்சானைப் பார்த்துக்கொள். லாவண்யாவுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டிய காலம். வீட்டுக்குக் கெட்ட பேர் வந்துவிடக் கூடாது.

அன்புடன்
பழனிக்குமார்

•

தண்டாயுதபாணி துணை

பூண்டி,
8.8.2025

பழனிக்குமாருக்கு,

பெட்டியின் கட்டத்தைப் பார்த்தோம். பேக்கிங் யூனிட், உரிமையாளர் சண்முகசுந்தரி, பூண்டி என்று வந்தது. உன் பேர் எங்கேயும் இல்லை. தம்பி நீட்டிய தாளை வாசித்துப் பார்க்கிற அக்கா எந்த ஊரில் இருக்கிறாள்?

உன் மச்சான் பெட்டியைத் தள்ளி வைத்தார். பிறகு, "ஒன் பேருல்ல கெடக்கு இதுல. போனா ஒன்னயத்தான புடிப்பாங்க" என்றார்.

"புடிக்கட்டும்ங்க. வெள்ளகவிப் புள்ளைக குடிச்சுட்டுக் கெடந்தா அப்ப மட்டும் யாரப் புடிப்பாங்க?" என்றேன்.

"கூடப்பொறந்தவன்டி."

"அதத்தான் நானும் ராத்திரி பூரா நெனச்சேன்."

அவர் எழுந்து காய்கறி லாரிக்குச் சொல்லப் போனார்.

நேற்று கேரட் மூட்டைகளுக்கு நடுவில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லில் மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனோம். முதலில் என் பேரைச் சொன்னேன், கையெழுத்து என்னுடையதுதான் என்றேன். பிறகு உன் பேரைச் சொன்னேன். உன் கடிதங்களையும் கொடுத்துவிட்டேன். கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மாற்றுச் சேலை எடுத்து வைத்திருக்கிறேன். முகாம் நடக்காது.

இந்தக் கடிதம் எழுதுவது வேறு ஒன்றுக்காக. ஆடி பிறப்பதற்கு முன்னால் நான் ஒட்டிக் கொடுத்த முதல் சரக்கு எந்தெந்தக் கடைக்குப் போனது என்று அதிகாரி கேட்டார். மதுரைக் கடைக்காரன் தன்னிடம் வரவில்லை என்கிறானாம். எனக்குத் தெரியவில்லை. சேனாதிபதி உன் கோடவுன் வரைக்கும்தான் கொண்டுபோனாராம். நேற்றிலிருந்து உன் போன் அணைந்து கிடக்கிறது.

மழைக்காலம். எங்கேயோ ஒருத்தி, பிள்ளைக்குச் சூடு இறங்கவில்லையே என்று இன்னொரு மூடி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பாள். லேபிள் சுருக்கமில்லாமல் இருக்கும், அதனால் நம்புவாள். அந்தக் கடைகளின் பேர் உன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

திண்டுக்கல்லுக்குப் போய்ச் சொல்லிவிடு. சொன்ன பிறகு எனக்கு எழுத வேண்டாம்.

சண்முகசுந்தரி