முந்தி ஓடிய போர்டு

செவ்வாய், இரவு

புது சர்க்யூட் போர்டின் கடிகாரம் மணிக்கு இரண்டரை நிமிடம் முந்தி ஓடியது. அதற்குத் துடிப்பு தரும் கிறிஸ்டல்தான் பழுது என்று நேற்றே எல்லோருக்கும் மெயில் போட்டுவிட்டேன். இன்று போர்டை வடிவமைத்த மஞ்சுளா பெங்களூரின் அந்தக் கோடி பீன்யாவிலிருந்து பஸ் பிடித்து வந்து, ஒரு லென்ஸை என் கையில் கொடுத்தார். கிறிஸ்டல் மேல் 25 மெகாஹெர்ட்ஸ் என்று பொறித்திருந்தது. போர்டை இயக்க நான் எழுதிய டிரைவர் புரோகிராமில் 24. பழைய போர்டின் கோப்பை அப்படியே காப்பி அடித்திருக்கிறேன்! திருத்திவிட்டு, ஒரு மணி நேரம் இருவரும் ஃபோனையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தோம். ஒரு நொடி பிசகவில்லை. நான் துள்ளிக் குதிக்காத குறைதான்.

"தப்பு என்னுதுதாங்க," என்றேன்.

"ஏன்ரீ செல்வம், பழியை எல்லாருக்கும் மெயில் போட்டீங்கல்ல? இதையும் எல்லாருக்கும் போடுங்க," என்று தன் கன்னடத் தமிழில் சொல்லிச் சிரித்தார்.

எண்ணைத் திருத்த ஐந்து நொடிதான் ஆனது. அந்த மெயிலை எழுதத்தான் அரை மணி நேரம் பிடித்தது.