அக்கா அமைதியான வாரம்

ஜூன் 3, செவ்வாய்
அக்கா இன்றும் பேக்கரிக்குப் போகவில்லை. கேக்கில் க்ரீம் பூ வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று முதலாளியே சொல்வார். ஒரு மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

"உடம்பு வளைஞ்சா எல்லாம் சரியாயிடும்" என்கிறாள் அம்மா.

குளிக்க எழுவதற்கே மலையேறுவதுபோல் திணறுகிறவள் சோம்பேறியா?

ஜூன் 5, வியாழன்
பள்ளி நூலகத்தில் உடல்நலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. கவலை வரும், போகும். மனச்சோர்வு அப்படியில்லை, நோய். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கம், பசி, வேலை எல்லாவற்றையும் பறித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டுமாம். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"வந்துட்டா பெரிய டாக்டரம்மா. முதல்ல கணக்குல பாஸாகு."

ஜூன் 9, திங்கள்
அக்கா குளித்தாள். சிரித்தாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்
க்ரீம் பிழியும் குழல்களை, நான் தொட்டாலே கையில் அடிப்பாளே, அவற்றை உடன் வேலை செய்யும் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். தன் கைக்கடிகாரத்தை எனக்குக் கட்டிவிட்டாள்.

"உனக்கு?"

"எனக்கெதுக்கு?"

அம்மா பூரித்துப்போனாள். நான் கடிகாரத்தைக் கழற்றி அவள் தலையணைக்கடியில் வைத்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்
புத்தகத்தை மறுபடி எடுத்தேன். அன்று படிக்காமல் விட்ட பக்கம் – திடீர் அமைதி, பிடித்த பொருட்களைக் கொடுத்துவிடுவது, இரண்டும் அபாய அறிகுறி. சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

வீட்டுக்கு ஓடிவந்தேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, செத்துப்போகணும்னு நினைக்கிறியா?"

சட்டென்று என் வாயைப் பொத்தினாள். பிறகு, "அம்மாகிட்ட சொல்லாத. சத்தியம் பண்ணு."

பண்ணவில்லை. அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டே அம்மாவைக் கூப்பிட்டேன்.

"காட்டிக்குடுக்கிறியாடி?"

அம்மா கரண்டியோடு வந்தாள். நான் சொன்னதைக் கேட்டுத் திட்டவில்லை. போய் அடுப்பை அணைத்தாள். செருப்பை மாட்டினாள்.

"வாம்மா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

ஜூன் 12, வியாழன்
அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள். மருத்துவர் அம்மாவிடம், "சாகணும்ங்கிற நினைப்பு வந்துட்டா ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாதும்மா. மருந்து வேலை செய்யச் சில வாரம் ஆகும். நல்லாயிட்டாளேன்னு நீங்களா நிறுத்திடாதீங்க" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. இனிமேலும் மாட்டாளோ? பரவாயில்லை. பரவாயில்லையா?

ஜூன் 28, சனி
வீட்டுக்கு வந்துவிட்டாள். என்னிடம் பேச்சில்லை.

ஜூலை 20, ஞாயிறு
கண்ணாடி முன்னால் சடை பின்னிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல்.

"இது தலையா, குருவிக்கூடா? இங்க வாடி."

சிக்கெடுத்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"வலிக்குதா?"

"இல்லக்கா."

இன்னும் அழுத்திச் சீவினாள். நான் அசையவே இல்லை.