நான் பார்க்காத பாலம்

மார்ச் 4, செவ்வாய்
மூன்று பூங்கா, ஒரு நடைபாதை. மாதச் சோதனை முடிந்தது. ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய் விடணும். கழிப்பறைத் தாழ்ப்பாள் மாற்றணும். குளத்தோர பெஞ்ச் ஒன்று ஆடுகிறது. மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஓடைப் பாலம் வரை போகவில்லை. போன மாதம் நன்றாகத்தான் இருந்தது. படிவத்தில் பாலத்துக்கும் 'நன்று' என்று எழுதி, மேற்பார்வையாளர் இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 6, வியாழன்
பெஞ்ச் சரியாகிவிட்டது.

மார்ச் 12, புதன்
காலை ஏழு மணிக்குக் காவலாளியின் போன். "மேடம், பாலத்துல ஒரு அம்மா விழுந்துட்டாங்க." ஓடினேன்.

அந்த அம்மாவை எனக்குத் தெரியும். கண் தெரியாத கணவரின் கையைத் தன் முழங்கையில் கோத்துக்கொண்டு தினமும் வருவார்கள். வழியெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டே வருவார்கள் — அணில், நாய், யார் வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் அடித்திருக்கிறது. கணவர் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பூங்காவில் எல்லோருக்கும் அவர் 'ஆபரேட்டர் ஐயா'.

நடுப்பலகை முறிந்து, அந்த அம்மாவின் ஒரு கால் தொடை வரை உள்ளே போயிருந்தது. வலியில் குரல் எழும்பவில்லை. கணவர் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, "எங்க இருக்கே? சத்தம் குடு... எங்க இருக்கே?" என்று எதிர்க்கரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். அந்த அம்மா அவர் காலடியில்தான் கிடந்தார்கள். குனிந்திருந்தால் கை பட்டிருக்கும்.

ஆம்புலன்ஸ் போன பிறகு அந்தப் பலகையை எடுத்துப் பார்த்தேன். விரலால் அழுத்தினால் நனைந்த ரொட்டி மாதிரி உதிர்ந்தது. ஒரு வாரத்தில் உளுத்ததா இது? இல்லை. போன மாதமாவது ஒழுங்கா பார்த்தேனா?

மார்ச் 13, வியாழன்
இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன்.

மார்ச் 17, திங்கள்
அதிகாரி கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அடுத்த வாரம் விசாரணையாம். "நீங்க போனீங்க, பார்த்தீங்க, அன்னிக்கு நல்லா இருந்துச்சு. அப்புறம் பெஞ்ச மழையில கெட்டுப்போச்சு. இவ்வளவுதாம்மா. யாருக்கும் வம்பு இல்ல."

அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைக்கிறார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உண்மையைச் சொன்னா அவங்க எலும்பு கூடிடுமா? பதினோரு வருஷ வேலை. பேசாம இரு" என்றார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி வந்து நின்றார். "உனக்கு எது சரின்னு படுதோ..." முடிக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்
இப்படிப் பார்க்காமலே 'நன்று' என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன்? யாரும் விழலை, அவ்வளவுதான்.

மார்ச் 25, செவ்வாய்
விசாரணை. நீள மேஜை, மூன்று பேர்.

"பாலத்தைக் கடைசியா எப்ப சோதிச்சீங்க?"

"இந்த மாசம் சோதிக்கலை."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "உங்க கையெழுத்து இருக்கே?"

"இருக்கு. மழை பெஞ்சுது. நான் போகலை."

அதிகாரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தேன். மனசு லேசாகும்னு நினைச்சேன். ஆகலை. அசிங்கமா இருந்தது.

ஏப்ரல் 9, புதன்
மூன்று மாதம் பணியிடை நீக்கம்.

ஏப்ரல் 19, சனி
அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது ஆபரேட்டர். "பூங்காவிலேர்ந்து வரேன் ஐயா" என்றதுமே, "அன்னிக்கு ஆம்புலன்ஸுக்கு வழி சொன்னவங்கதானே?" என்று உள்ளே விட்டார். குரல்களிலேயே வாழ்ந்த மனிதர்.

கட்டிலில் அந்த அம்மா. பக்கத்தில் வாக்கர். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆபரேட்டர் நாற்காலியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"சொல்லிட்டீங்க. உங்க பாரம் இறங்கிடுச்சு. எனக்கு?" என்றார்கள் அந்த அம்மா. "கல்யாணமான நாளா இவர் காலைல வெளியே போகாம இருந்ததில்ல. இப்ப வாசப்படி தாண்ட மாட்டேங்கிறார். என்னை விட்டுட்டுப் போக மனசு வரலையாம்."

அழுதுவிட்டேன்.

"அழுறதுக்கா வந்தீங்க? மன்னிப்பெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க. நாளைக்குக் காலைல வந்து இவரைக் கூட்டிட்டுப் போங்க."

"நான் வரலை" என்றார் அவர், சுவரைப் பார்த்து.

ஏப்ரல் 20, ஞாயிறு
போனேன். அவர் வரவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்
வரவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்
இன்று செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். கை கொடுத்தேன், பிடிக்கவில்லை. என் தோளில் இரண்டு விரல் மட்டும் வைத்தார். பாதிச் சுற்று வரை பேச்சே இல்லை. பிறகு, "ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்களே?"

"என்ன சொல்லணும் ஐயா?"

"இங்க என்ன இருக்கோ, அதை."

உடைஞ்சது, துருப்பிடிச்சது, அடைச்சுக்கிட்டது — பதினோரு வருஷமா இதுக்குத்தானே கண்ணு பழகியிருக்கு. "வலது பக்கம் ஒரு மரம்" என்றேன். "என்ன மரம்?" என்றார். தெரியவில்லை.

மே 5, திங்கள்
அது புங்க மரம். தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டேன்.

மே 22, வியாழன்
பாலத்துக்குப் புதுப் பலகை போட்டுத் திறந்துவிட்டார்கள். ஆபரேட்டர் தயங்கினார். நான் முன்னால் போய், ஒவ்வொரு பலகையிலும் ஏறி நின்று பார்த்துவிட்டு வந்தேன். என் தோளில் அவருடைய முழுக் கையும் விழுந்தது. கடந்தோம்.

ஜூன் 16, திங்கள்
கடிதம் வந்தது. ஜூலையிலிருந்து நாற்றுப் பண்ணையில் வேலை. மேற்பார்வையாளர் பதவி போய்விட்டது. வீட்டுக்காரர் இரண்டு தடவை படித்துவிட்டு, "வேலை இருக்கே, விடு" என்றார்.

காலையில் ஓடையில் ஒரு கொக்கு. பெரிய மீனைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு திணறியது. எனக்குத் தெரிந்தபடி சொன்னேன். ஆபரேட்டர் அங்கேயே நின்று, கடைசி வரை கேட்டார்.

அவர்கள் வீட்டுக்குத் திரும்பியதும் கட்டிலோரம் உட்கார்ந்து அந்த அம்மாவுக்குச் சொல்ல ஆரம்பித்தார். "முழுங்கவும் முடியல, விடவும் மனசில்ல. கழுத்தை இப்படி நீட்டுது, அப்படி வளைக்குது..." தன் கழுத்தையே வளைத்துக் காட்டினார்.

"நீங்க பார்த்தீங்களாக்கும்?"

"பார்த்தேன்கிறேன்!"

அந்த அம்மா சிரித்தார்கள். நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் அவர்கள் இன்னும் நேராகப் பேசுவதில்லை. இன்றும் அவரிடம்தான் சொன்னார்கள்:

"நாளைக்கு அஞ்சரைக்கே வரச் சொல்லுங்க. வெயில் சீக்கிரம் ஏறிடுது."