இலுப்பைக்கரைக் கொற்றிக்கு, தலையில் ஊற்றிய குடம் குறித்து

நன்று பெருகுக. மலைநீர் மறுக்காது இறங்குக. மதகுகள் திறந்தே கிடக்க.

மாகுன்றைக் கோட்டை முதல் கானல்துறைக் கடற்கரை வரை கிடந்த செங்கழி நாடு முழுதும் உடையான் என்றும், மும்முரசுக் கோமான் என்றும், பகை கடிந்தான் வழித்தோன்றல் என்றும் மெய்க்கீர்த்தி பாடப்பெறும் எழினிச் சாத்தன் ஆகிய நாம், கீழைமடை வளநாட்டு இலுப்பைக்கரையில் வாழும் காரி மகள் கொற்றி அம்மையாருக்கும், அவர் இடுப்பிலிருக்கும் மகவுக்கும், அவ்வூர்ப் பெருமக்கள் யாவருக்கும் விடுக்கும் ஓலை. உம் ஊர் வாழ்க. உம் கிணறுகள் ஊறுக. உம் கன்றுகாலிகள் பெருகுக. இவ்வாறு வாழ்த்தித் தொடங்குவது நம் குல மரபு. ஆயினும் கிணறு ஊறுக என்று சொல்லும்போதே நம் வாய் கூசுகிறது, அந்தக் கிணறுகளை வற்றச் செய்தவர் நாமே ஆதலால்.

மெய்க்கீர்த்தியில் நேற்று மாலை புதிதாக ஒரு பட்டம் சேர்ந்தது. ‘நெடுவழி கடந்தான்’ என்பது அது. அதனை இவ்வோலையில் எழுதவேண்டாம் என்று ஓலைநாயகம் பூதனாரிடம் சொல்லியிருந்தும், அவர் பழக்கத்தால் எழுதிவிட்டு, நாம் பார்த்த பார்வையில் பதறி, எழுத்தாணியால் அடித்துவிட்டார். அடித்த தழும்பு தலைப்பிலே தெரியும். அது அப்படியே இருக்கட்டும்.

நீவிர் அறிந்ததே எனினும், முறைப்படி முதலிலிருந்து சொல்லுகிறோம். நம் குலமுதல்வர் பகைவரவு உணர்த்தக் கோட்டையிலிருந்து கடல் வரை தாமே ஓடினார் என்பதும், அதுமுதல் இந்நாட்டு அரசன் எவனும் அரியணை ஏறிய மூன்றாம் ஆண்டில் அவ்வழியே காலால் ஓடிக் கடக்க வேண்டும் என்பதும், வழியிலுள்ள ஒவ்வோர் ஊரும் தன் எல்லையில் ஒரு குடம் தண்ணீர் தரும், அரசன் அதனை மறுக்கலாகாது என்பதும் வழக்கம். பாட்டனார் ஓடினார். தந்தையார் ஓடினார். நாமோ முடிசூடிய அன்று அரண்மனைப் படிகளில் ஏறும்போதே மூச்சு வாங்கி, பாதியில் நின்று, மேலே சிற்பத்தைப் பார்ப்பதுபோல் நடித்தவர். அவையில் சிலர் புன்னகைத்தனர். அந்தப் புன்னகைதான் நம்மை ஓடவைத்தது. நாட்டின் மீதுள்ள அன்பு அன்று. இதையும் எழுதுக என்றோம்.

ஓடிப் பழகுதற்குப் பொழுது வேண்டுமே. விடியலில் முறைகேட்கும் ஓலக்கம், உச்சிவரை வரிக்காரியம், அதன்பின் படைக்காரியம், மாலையில் தூதுவர் என்று நாள் முழுதும் பிறருக்கே பங்கிடப்பட்டிருந்தது. உண்ணும்போது ஓலை கேட்டோம். ஓலை கேட்கும்போது உறங்கினோம். வடநாட்டுத் தூதுவர் மணவுறவு குறித்துப் பேச வந்த அன்று, நாம் தூணைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை நீட்டி இழுத்துக்கொண்டிருந்தோம். அம்மனிதர் தம் நாட்டில் போய் என்ன சொன்னாரோ, அதன்பின் அவ்வுறவு பற்றிப் பேச்சே இல்லை. நம் தமக்கையார் வெண்ணி நங்கையார் இதையெல்லாம் கண்டு, ஓட்டம் முடியும்வரை காலை ஓலக்கத்தைத் தாம் நடத்தித் தருவதாக உரைத்தார். நாம் வேண்டா என்றோம். அரசக் கடமையை ஒருவர் கையில் விடுவது தகாது என்று பெரிய பேச்சாகப் பேசினோம். உண்மை என்னவெனில், அவர் நம்மினும் நன்றாக நடத்திவிடுவாரோ என்ற அச்சமே.

ஆதலால் ஒரு சூழ்ச்சி செய்தோம். அதை அன்று பேரறிவு என்று நம்பினோம். விடியல் ஓட்டத்தையும் விடியல் ஓலக்கத்தையும் ஒன்றாக்கி, முறையிட வருவோர் அரசனோடு உடன் ஓடி முறையிடுக என்று பறையறைவித்தோம். ஒரே பொழுதில் இரண்டு கருமம் முடிகிறது என்று நம்மை நாமே மெச்சிக்கொண்டோம். அமைச்சரும் மெச்சினர். மெச்சாதவர் தமக்கையார் ஒருவரே. அவரும் அதன்பின் நம்மோடு ஒரு திங்கள் பேசவில்லை.

இங்கே நம் அவையின் மரபு ஒன்றைச் சொல்லவேண்டும். முறைகேட்கும் அரசன் வாய்திறப்பதில்லை. முன்னோர் ஒருவர் சினத்தில் சொன்ன சொல்லால் ஒரு குடியே அழிந்ததனால், அதுமுதல் அரசன் தலையை மேலும் கீழுமாக அசைத்தால் தந்தோம் என்றும், இடம்வலமாக அசைத்தால் மறுத்தோம் என்றும் கொண்டு, ஓலைநாயகம் அதைப் பார்த்து எழுதுவார். அமர்ந்திருக்கும் அரசனுக்கு ஏற்ற மரபு. ஓடுகிறவன் தலை என்ன செய்யும் என்று நம்மில் ஒருவரும் எண்ணவில்லை. பருத்த உடலினரான பூதனார் மட்டக்குதிரை ஒன்றில் ஏறி நம் பின்னே வந்தார். அவர் கண்டதெல்லாம் நம் பிடரி. அது அடிக்கொருதரம் மேலும் கீழும் ஆடியது. அவரும் தந்தோம், தந்தோம் என்று எழுதிக்கொண்டே வந்தார்.

அவரை நோவதற்கில்லை. எழுதிய ஓலைகள் மாலையில் நம்மிடமே வந்தன. ஏவலர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்க, அரைக்கண் மூடியபடி, ஒன்றையும் வாசிக்கக் கேளாமல் முத்திரை குத்தினோம். இத்துணை விரைவில் இத்துணை வழக்கு முடிந்ததே என்று மகிழ்ந்து நன்றாக உறங்கினோம்.

மேலைமடைத் தலைவர் தித்தன் என்பார் ஒரு நாள் நம்மோடு ஓடினார். நல்ல ஓட்டக்காரர். மேட்டிலும் மூச்சிரையாமல் பேசிக்கொண்டே வந்தார். அவர் கால்வீச்சை வியந்து, நாமும் அவ்வாறு பாதம் பதிக்க முயன்றோம். அவர் கேட்டதில் ஒரு சொல்லும் நம் செவியில் ஏறவில்லை. தம் கரும்புக்கு நீர் போதவில்லை என்றும், இலுப்பைக்கரை வாய்க்காலின் பிரிமதகை அறுவடை முடியும்வரை அடைத்துவைக்க வேண்டும் என்றும் அவர் கேட்டாராம். நம் தலை ஆடியது.

அதனை எதிர்த்து முறையிட நீவிர் கோட்டைக்கு வந்தீர். இதை, நம்மோடு துறைக்கு வந்த கோட்டை வாயிற்காவலரிடம் இன்று காலைதான் கேட்டறிந்தோம். நிறைசூலியாக வந்தீர். ஓடினால்தான் அரசரிடம் பேசலாம் என்று அவர்கள் சொல்ல, வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு சிறிது தொலைவு ஓடியும் பார்த்தீர். பின் வழியோரத்து வேம்பின் கீழ் உட்கார்ந்துவிட்டீர். அன்று நாம் உம்மைக் கடந்துதான் ஓடியிருக்க வேண்டும். நினைவில்லை.

நேற்று ஓட்ட நாள். ஒவ்வோர் எல்லையிலும் ஆரவாரம், குலவை, குடம். உம் எல்லையில் ஆரவாரம் இல்லை. வயல் வெடித்துக் கிடந்ததைக் கண்டோம். கோடைதானே என்று எண்ணினோம். மக்கள் இருபுறமும் வாய்திறவாது நின்றனர். களைத்திருந்த நமக்கு அது மரியாதையாகத் தோன்றியது. நீவிர் குடத்தை நீட்டினீர். குடித்தோம். குடித்தபின், மற்ற ஊர்களில் செய்ததுபோலவே, மிச்சம் இருந்ததை அப்படியே தலையில் ஊற்றிக்கொண்டோம். குளிர்ச்சியாக இருந்தது. சிரித்துக்கூட இருப்போம். அப்போது இரு குழந்தைகள் வந்து, நம் காலடியில் நனைந்த மண்ணைத் தொட்டு உதட்டில் வைத்ததைக் கண்டோம்.

ஏன் இவ்வாறு என்று வினவினோம். அரசவோலையில் குடிமக்கள் பேச்சைத் திருத்தி எழுதுவதே முறை. நீவிர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுக என்று பூதனாருக்கு ஆணையிட்டோம்:

“தாகத்துக்குக் குடிச்சீங்க, அது சரிங்க ராசா. வழக்கம் அது. தலையில ஊத்துனதுதான் பொறுக்கல. பொழுது சாயற வரைக்கும் இந்தப் புள்ளைகளுக்கு இருந்த தண்ணி அவ்வளவுதாங்க.”

மதகை அடைத்தவன் எவன் என்று சினந்து கேட்டோம். சினம் நமக்கு எளிதாக வருகிறது. அதற்கு நீவிர் குரலை உயர்த்தவும் இல்லை.

“நீங்கதானுங்க. ஓலை வந்துச்சு. உங்க முத்திரை இருந்துச்சு.”

இனிச் சொல்லப்போவதே இவ்வோலை முழுவதிலும் சொல்லக் கடினமானது. அதைக் கேட்டபின் நாம் அங்கே நின்றோமா? இல்லை. கானல்துறையில் தோரணம் கட்டிக் காத்திருந்தார்கள். நின்றால் உடல் இறுகிவிடும், பின் ஓட இயலாது என்று தோன்றியது. ஆவன செய்வோம் என்று ஒரு சொல்லை எறிந்துவிட்டு ஓடினோம். கடைசிவரை ஓடினோம். தலை ஆடிக்கொண்டே இருந்தது. ஒவ்வோர் ஆட்டத்திலும் எவருக்கு எதைத் தந்தோம், எவரிடமிருந்து எதைப் பறித்தோம் என்ற எண்ணமே உடன் ஓடிவந்தது. துறையில் நம் கழுத்தில் மாலை விழுந்தது, பட்டம் கூவப்பட்டது, பன்னீர்க் குடங்களைத் தலையில் கவிழ்க்க வந்தார்கள். வேண்டா என்று கையை நீட்டித் தடுத்துக்கொண்டு அழுதோம். களிப்பினால் அழுகிறார் என்று முரசு முழக்கினார்கள். வெட்கக்கேடு.

ஆகவே நாம் இடும் கட்டளை யாவரும் அறிக. இவ்வோலைக்கு முன்னரே குதிரைவீரர் பிரிமதகுக்குப் புறப்பட்டுவிட்டனர். இதை ஊர்நடுவே வாசிக்கும்போது நீர் வாய்க்காலில் இறங்கியிருக்க வேண்டும். அதுவரை அண்டை ஊர்களிலிருந்து வண்டிகளில் தண்ணீர் வரும். குழந்தைகளுக்கும் மாடுகளுக்கும் கொடுத்தபின் மற்றோர் கொள்க. தித்தனை எவரும் ஒறுக்க வேண்டா, அவர் கேட்டார், தந்தது நாம். அவர் கரும்புக்கு நீர்ப்பங்கு எவ்வளவு என்பதை இரண்டு ஊராரையும் ஒருங்கே அமரவைத்துக் கேட்டபின் முடிவு செய்யப்படும். ஓடிக்கொண்டே தந்த ஓலைகள் அனைத்தும் இனிச் செல்லாதொழிக. வழக்குகள் மறுபடி கேட்கப்படும். முறையிடுவோர் அமர்ந்திருப்பர். வர இயலாதவர் வாயிலுக்கு நம் ஓலக்கமே செல்லும். அவ்வழக்குகளைக் கேட்பவர் தமக்கையார் வெண்ணி நங்கையார். ஓலக்கத்தின் பாதியை இனி அவருக்கே விட்டோம். துறைக்கு வந்திருந்த அவரிடம் போய்க் கேட்டபோது, இத்தனை நாள் கழித்தா என்றார்.

ஓட்டத்தை விடப்போவதில்லை, அம்மையே. பொய் சொல்ல விரும்பவில்லை. புன்னகைக்கு அஞ்சித் தொடங்கியது, இப்போது நெஞ்சுக்கு இனிதாகிவிட்டது. ஆனால் இனி விடியுமுன் தனியே ஓடுவோம். உடன் எவரும் வரவேண்டா, எழுத்தாணி வேண்டவே வேண்டா. அவையில் இருக்கும் பொழுது அவையில் மட்டும் இருப்போம்.

பட்டத்தைத் துறந்தோம். கல்லில் வெட்டத் தொடங்கிய எழுத்தை நிறுத்துவித்தோம்.

இனி இது முத்திரைமொழி. இவ்வோலை தலையசைவினால் எழுதப்பட்டதன்று. கானல்துறை மண்டபத்தில் எழுந்து நின்று, மரபை மீறி வாய்திறந்து, சொல் சொல்லாக நாம் சொல்ல, பூதனார் எழுத, முழுதும் வாசிக்கக் கேட்டு, நம் கையாலேயே முத்திரை வைத்தோம். பிரிமதகிலிருந்து இலுப்பைக்கரை வரை வாய்க்கால் நீரின் பின்னே நாம் நடந்து வருவோம். அதனை முந்தி ஓடோம். தோளில் ஒரு குடம் இருக்கும். அது உம்முடைய குடத்துக்கு ஈடாகாது என்பதை அறிவோம். உம் எல்லையில் வந்து நின்று, பொறுத்தருள்க என்று கேட்போம். அதன்பின் வாய்திறவாது நிற்பவர் நாமாக இருப்போம். பொறுத்தேன் என்றோ மறுத்தேன் என்றோ தலையசைக்க வேண்டியவர் நீவிர்.