சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த சூடு

அன்பு மகள் கவிப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் முழங்காலைத் தவிர. அதுவும் கடைக்குப் போகச் சொன்னால்தான் வலிக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று காத்தோங் கோயில் விநாயகரிடம் வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டு வந்தேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், அப்பா நடுவில் புகுந்து அங்கே மழையா என்று கேட்பார். அதனால்தான் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

தப்பு பண்ணிட்டேம்மா, வேலையை விட்டுட்டு வந்துடுறேன், ஒருவழி டிக்கெட் போட்டுடுங்க என்று நீ அனுப்பியதை அப்பா நான்கு தடவை படிக்கச் சொன்னார். நீ விளக்கியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். பிரபஞ்சம் குழந்தையாக இருந்தபோது பிறந்த விண்மீன் மண்டலம் என்று நீங்கள் நினைத்த சிவப்புப் புள்ளி, அவ்வளவு தூரத்தில் இல்லை. அதற்குள் மண்டிக் கிடக்கும் தூசுதான் அதைச் சிவப்பாக்கி, தூரத்தில் இருப்பதுபோல் காட்டியிருக்கிறது. கட்டுரையோ உன் பெயரை முதலில் போட்டு இதழுக்குப் போய்விட்டது. அது கிட்டத்தில்தான் என்று காட்டும் புது அளவு உன் ஒருத்திக்குத்தான் தெரியும், பேராசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை, சொல்லாமலே கிளம்பி வரப்போகிறாய். சரிதானே?

உள்ளதைச் சொல்கிறேன், படித்தவுடன் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. என் மகள் வரப்போகிறாள் என்று தேக்கா சந்தைக்கு ஓடி உனக்குப் பிடித்த வஞ்சிரம் வாங்கினேன், நீ சிலி நாட்டிலிருந்து அன்றைக்கே வந்துவிடுவாய் என்பதுபோல. உன் அறையிலிருந்து அப்பாவின் நடை மெஷினை, அதாவது அவர் சட்டை காயப்போடும் மெஷினை, வெளியே தள்ளினேன். சுவர்களில் நீர்க்கசிவு தேட வேலையில் கொடுத்த வெப்பக் கேமரா பையில் இருந்தது. சும்மா எடுத்து அறையைப் பார்த்தேன். உனக்குத்தான் தெரியுமே, அந்தத் திரையில் சூடானது எல்லாம் மஞ்சள், ஆறியது எல்லாம் ஊதா. ஹாலில் தூங்கிய அப்பாவின் தொந்தி மாம்பழம் மாதிரி மஞ்சளாக ஏறி இறங்கியது. உன் கட்டில் முழுக்க ஊதா. கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்துவிட்டு எழுந்து பார்த்தேன், நான் உட்கார்ந்த இடம் மட்டும் மஞ்சளாக இருந்து மெல்ல மெல்ல மங்கியது. ஆள் எழுந்து போன பிறகும் அவள் சூடு அங்கேயே இருக்கிறது. நீ சொல்லும் மண்டலங்களும் இப்படித்தானே, வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் நட்சத்திரங்கள் பிறக்கின்றன, தூசு மூடியதால் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை, அந்தத் தூசு வாங்கிக்கொண்ட சூடு மட்டும் பூமி உண்டாவதற்கு முன்னாலேயே கிளம்பி இப்போது உன்னிடம் வந்து சேர்கிறது. அதையே நினைத்து எவ்வளவு நேரம் நின்றேனோ, சாதம் குழைந்துவிட்டது.

அப்போதுதான் எனக்குப் பூன் லேயில் வேலைக்குப் போன ஒரு வீடு நினைவுக்கு வந்தது. இதை உன்னிடம் சொன்னதே இல்லை, வெட்கம். நீ பள்ளி முடித்து ஜேசியில் படித்த வருடம், பஞ்சவர்ணம் என்ற அம்மா வீட்டில் நீர்க்கசிவு பார்க்கப் போனேன். கேமராவில் சமையலறைச் சுவரில் ஒரு பெரிய மஞ்சள் திட்டு. வெந்நீர்க் குழாய் உள்ளே ஒழுகுகிறது, உடையுங்கள் என்றேன். சுவரில் பதித்த பதினோரு ஓடு பெயர்த்தார்கள், சுவர் எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. சத்தம் கேட்டு அடுத்த வீட்டு ஃபர்சானா மாவுக் கையோடு ஓடிவந்தாள். அக்கா, என் ஓவன் அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கு லா, பெருநாளுக்கு விடியக்காலையிலேர்ந்து அன்னாசி டார்ட் போட்டுக்கிட்டு இருக்கேன் என்றாள். நீ பக்கத்தில் இருந்ததைத் தூரம் என்றாய், நான் அடுத்த வீட்டுச் சூட்டை இந்தச் சுவருக்குள் என்றேன். தூசு உன்னை ஏமாற்றியது, என்னை ஒரு டார்ட் அடுப்பு.

இரண்டு நாள் வயிற்றுவலி என்று லீவு போட்டு, ராஜினாமாக் கடிதமும் எழுதினேன். குழாய் சரிசெய்யப்பட்டது என்று அறிக்கையில் எழுதியிருந்தால் அலுவலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஓடு பெயர்ந்த அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே பஞ்சவர்ணம் அம்மா சமைப்பார் என்ற நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் மேலாளர் ஞானசேகரனிடம் போய் என் தப்புதான் என்றேன். அவர் திட்டினார், நன்றாகவே திட்டினார். பிறகு, அந்தப் பக்கக் கதவையும் ஒரு தட்டு தட்டியிருக்கலாமே சிவகாமி என்றார். எங்கள் படிவத்தில் இன்றைக்கும் முதல் கேள்வி, சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதுதான். அதை எழுதிச் சேர்த்தவள் உன் அம்மா.

உன் புள்ளி இல்லாமல் போய்விடவில்லையே கண்ணம்மா. அங்கேயும் தூசுக்குள் நட்சத்திரம் பிறந்துகொண்டுதான் இருக்கிறது, கொஞ்சம் கிட்டத்தில். அது உன்னை எப்படி ஏமாற்றியது என்று நீ எழுதாவிட்டால், உன் கட்டுரையை நம்பி இன்னொரு பிள்ளை நாளைக்கு அதே சுவரை உடைக்கும். உனக்கு இப்போது பயமாக இருக்கிறது, தெரியும். உன்னை அங்கே தனியாக விட்டுவிட்டு இப்படி எழுத எனக்கும் கஷ்டம்தான், இந்தத் தாளை இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். இருந்தாலும் ஒளிந்துகொள்ள வராதே. ஒளிந்துகொள்ள வந்தவளுக்கு எந்த வீடும் வீடாக இருக்காது.

பேராசிரியர் திட்டினால் வாங்கிக்கொள். தலைக்கு எண்ணெய் வை. அப்பா ஆசி சொல்லச் சொன்னார், நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருப்பாய்.

டிக்கெட் இன்னும் போடவில்லை. சொல்லிட்டேம்மா என்று ஒரு வரி அனுப்பு, அந்த நிமிடமே போடுகிறேன். நீ கேட்டது ஒருவழி, நான் போடப்போவது இருவழி. திரும்பிப் போகும் தேதியை மட்டும் நீயே சொல்லிவிடு. அதைத் தேர்ந்தெடுக்க எனக்குக் கை வரவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
சிவகாமசுந்தரி