புதன்கிழமை விதைப்பு

ஆனி 9, புதன்.

சோறு இறங்கவில்லை. மஸ்கட் வேலையை விட்டு வந்து இரண்டு வருடம் உயிரைக் கொடுத்துச் செய்த பேட்டரி விதைப்பு மிஷினை, இன்று குடவாசலில் அக்கா வீட்டுக்காரர் வயலில் இறக்கினோம். ஊறப்போட்ட நெல் நேற்றே முளைவிட்டுத் தயாராக இருந்தது. செவ்வாய்க்கிழமை விதைக்கக் கூடாது என்று அத்தான் ஒரு நாள் தள்ளிவிட்டார். அதற்குள் முளை நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது. விதைப்பெட்டியின் அடியில் உருளை சுற்றியும் ஒரு மணிகூடக் கீழே விழவில்லை.

கைப்பிடியில் இருந்த விசையிலிருந்து கையை எடுத்தேன். உருளை நின்றது. அத்தான் பெட்டிக்குள் கையை விட்டு விதையைக் கலைத்துக்கொண்டே சொன்னார்: "நம்ம வழக்கத்துக்கு ஒத்துவராத மிஷின் எதுக்கு மாப்ள? பேசாம மஸ்கட்டுக்கே போயிடு."

வரப்பில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

கோபம் தலைக்கேறியது. விசையை அழுத்தினேன். உருளை முளையோடு சேர்த்து அவர் விரலையும் நசுக்கியது. சேறு சிவந்தது. அவர் அலறிய பிறகும் நான் உடனே கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டார்கள். டாக்டர் கேட்டதற்கு, "மிஷின் தானா ஓடிடுச்சு சார்," என்றார் அத்தான். என் பக்கம் திரும்பவேயில்லை. அக்காதான், "நீ என்னடா பண்ணுவ, வந்து சாப்பிடு," என்று கூட்டிவந்தாள்.

அது தானாக ஓடாது. அழுத்திப் பிடித்தால்தான் ஓடும். யாருக்கும் அடிபடக் கூடாது என்று விசையை அப்படி வைத்தவன் நான்.

அத்தானுக்கும் அது தெரியும். காலையில் நானே சொல்லிக்கொடுத்தேன்.