குண்டனுக்கு வந்த செய்தி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

இங்கே ஒரு கூத்து நடந்தது. எங்கள் கால்நடை மருத்துவமனையின் டேட்டாபேஸில் ‘ட்ரிகர்’ என்று ஒன்று உண்டு. பட்டியலிலுள்ள எல்லா நாய்களுக்கும் அந்த வருடத் தடுப்பூசித் தேதியை நாங்கள் மொத்தமாகப் பதிந்ததும், அவற்றை வளர்ப்பவர்களுக்கு அதுவே செய்தி அனுப்பிவிடும். செய்தியின் வாசகத்தை மாற்றச் சொன்னார்கள். ட்ரிகரில் ஒரு வரியை மட்டும் மாற்ற முடியாது. முழுவதையும் புதிதாக எழுதி, பழையதன் இடத்தில் வைக்கவேண்டும். அப்படி எழுதியபோது, இறந்த பிராணிகளுக்கு அனுப்பாதே என்ற வரியை விட்டுவிட்டேன். பயப்படாதீர்கள், திட்டோடு போயிற்று.

மறுநாள் ஒரு தையற்கார அம்மா வந்து போனை நீட்டினார். ‘குண்டனைத் தடுப்பூசிக்கு அழைத்து வரவும்’ என்றிருந்தது. குண்டன் போன வருடமே செத்துப்போன நாய்.

“மன்னிச்சிடுங்கம்மா, தப்பு என்னோடதுதான்.”

“எதுக்கும்மா மன்னிப்பு? அவன் பேரை இப்ப வேற யாரு சொல்றா? அடுத்த வருஷமும் அனுப்புவீங்கல்ல?”

சரியென்று தலையாட்டிவிட்டேன். ஆனால் விட்டுப்போன வரியை இன்று சேர்த்தாகிவிட்டது. இனி அவருக்குச் செய்தி போகாது. அவருக்கு மட்டும் ஒரு விலக்கு எழுதியிருக்கலாமோ? அது நல்லதா, கொடுமையா? ஒன்றும் புரியவில்லை அப்பா. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

என் பழைய போர்வையை அனுப்பிவையுங்கள். துவைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். போனில் பேசும்போது டிவி சத்தத்தையும் குறைக்காதீர்கள், அது பாட்டுக்கு ஓடட்டும்.

மேலாளர் கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்